புரை ஏறினால் யார் நினைக்கிறார்கள்?

சாப்பிடும்போது புரை ஏறினால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "யாரோ உன்னை நினைச்சுக்கிறாங்க" என்போம். கையோடு ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "மடக்கு மடக்குன்னு குடி" என்போம். என் மாமியாருக்கு இரண்டு மாதம் நாங்கள் இப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவை புரை ஏறும்போதும், "எண்ணூர்ல இருக்கிற பொண்ணு நினைக்கிறா", "துபாய்ல இருக்கிற பேரன் நினைக்கிறான்" என்று வீட்டில் சிரிப்பு வேறு. யாரும் நினைக்கவில்லை, சகோதரிகளே. அத்தைக்குச் சோறும் தண்ணீரும் போகக்கூடாத வழியில் போய்க்கொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை.

எங்களுடையது பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பம். பழவேற்காடு என்றதும் பலருக்கு டச்சுக்காரர் கல்லறையும் பூநாரைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு ஏரி என்றால் இறால், நண்டு, மடவை, அப்புறம் பாட்டுக்கு யார் முறை என்கிற பேச்சு. (பாடு என்றால் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊரே உட்கார்ந்து முறை வைத்துக்கொள்கிற பழைய வழக்கம்.) அத்தை நாற்பது வருஷம் கூடையில் மீன் சுமந்து, பொன்னேரி வரைக்கும் பஸ்ஸில் போய் விற்றவர். கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு சட்டிச் சோற்றை மீன் குழம்போடு சாப்பிட்டு எழுந்திருப்பார். அப்படிப்பட்டவருக்கு முந்தின வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கை கொஞ்சம் திரும்பியது, பேச்சும் குழறலாகத் திரும்பியது. பிழைத்தாரே, அதுவே போதும் என்றிருந்தோம்.

வீட்டுக்கு வந்தவரை எப்படிக் கவனித்தேன் தெரியுமா? உடம்பு முடியாதவர், ஆகவே லேசான ஆகாரம். குருணைக் கஞ்சியைத் தண்ணீர் மாதிரி காய்ச்சி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ரசம் சாதத்தைத் தளரப் பிசைந்து கொடுத்தேன். கட்டிலில் படுத்தபடியே தலையைக் கொஞ்சம் தூக்கி, நான் நின்றுகொண்டு ஊட்டினேன். வேலை சீக்கிரம் முடியவேண்டுமே! இதில் ஒவ்வொன்றும் தப்பு என்று பிறகு தெரிந்தது. ஆனால் அப்போது யார் வந்து பார்த்தாலும், "மாமியாரைத் தாங்குறாம்மா" என்று என்னைப் புகழ்ந்துவிட்டுத்தான் போனார்கள்.

இரண்டாம் மாதக் கடைசியில் ஜுரம் வந்தது. நாட்டு மருந்து, பிறகு மாத்திரை. நின்றது, மறுபடி வந்தது. நெஞ்சில் சளி கொரகொரவென்று இழுத்தது. ஒரு நாள் உதடு நீலம் பாரித்ததும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். நிமோனியா என்றார்கள். வார்டில் இருந்த இளவயது டாக்டரம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாப்பிடும்போது இவங்களுக்கு இருமல் வருதா?"

"ஆமாம் டாக்டர், புரை ஏறும். தலையைத் தட்டுவோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், அவ்வளவுதான். நம் தொண்டைக்குள் இரண்டு வழி. முன்னால் இருப்பது மூச்சுக் குழாய், பின்னால் இருப்பது உணவுக் குழாய். ஒரு கவளத்தை விழுங்கும் அந்த ஒரு விநாடிக்கு மூச்சு நின்று, குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி சாய்ந்து மூச்சு வழியை அடைத்துக்கொள்கிறது. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான தடவை இது தானாகவே நடக்கிறது, நாம் நினைப்பதுகூட இல்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் இந்த வேலை சரியாக நடப்பதில்லை. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது, சிலருக்கு நின்றுவிடுகிறது. நடுக்கு வாதம், மறதி நோய் உள்ளவர்களுக்கும் வரும். ஒரு வியாதியும் இல்லாமலேகூட வயதானால் தொண்டைத் தசை தளர்ந்து, விழுங்குவது மெதுவாகிறது.

மூடி ஒரு கண நேரம் தாமதித்தாலும் முதலில் உள்ளே ஓடுவது எது? தண்ணீர்! கஞ்சித் தண்ணீர், காபி, ரசம். கெட்டியான பொருள் மெதுவாக நகர்கிறது, மூடிக்கு நேரம் கிடைக்கிறது. நீர்த்த பொருள் ஓடிவிடுகிறது. லேசான ஆகாரம் என்று நான் கொடுத்தேனே, அதுதான் அத்தைக்கு மிகவும் ஆபத்தானதாக இருந்திருக்கிறது. அதைவிட மோசம் ரசம் சாதம். சோறு வாயில் நிற்கும், ரசம் மட்டும் தனியாக வழிந்து தொண்டைக்குப் போய்விடும். புரை ஏறியதும் நாங்கள் கொடுத்த தண்ணீரும் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிய கதைதான். புரை ஏறினால் உடம்பை முன்னால் சாய்த்து நன்றாக இரும விடவேண்டும். இருமி முடித்து, மூச்சு நிதானமாகி, குரலும் தெளிந்த பிறகுதான் மறு கவளம்.

இருமுகிறவர்களையாவது கண்டுபிடிக்கலாம். சிலருக்கு உணவு மூச்சுக் குழாயில் போனாலும் இருமலே வராதாம். அவர்களை வேறு அடையாளங்களால்தான் பிடிக்கவேண்டும். சாப்பிட்டதும் குரல் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளவென்று இருக்கும். சாப்பாடு கன்னத்தில் ஒதுங்கி நிற்கும். பத்து நிமிஷத்தில் முடிந்த சாப்பாடு முக்கால் மணி இழுக்கும். காரணம் தெரியாத ஜுரம் அடிக்கடி வரும். உடம்பு இளைக்கும். அத்தைக்கு முழங்கைக்குக் கீழே நிற்கும் வளையல் தோள் வரை ஏறி இறங்கியதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். அப்போதும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் நிறுத்தபோது 41 கிலோ. பக்கவாதம் வந்தபோது 49.

அங்கே இன்னொரு ஆச்சரியம். விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ஸ்பீச் தெரபிஸ்ட், அதாவது பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். "பேசுறதுக்கு வேணாம்மா, சாப்பிடறதுக்குத்தான் வழி வேணும்" என்று நான் சண்டைக்குப் போகாத குறை. பேசுகிற உறுப்புகள்தான் விழுங்குகிற உறுப்புகளும் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். பேரியம் கலந்த ஆகாரத்தைக் கொடுத்து, அது எந்த வழியில் இறங்குகிறது என்று எக்ஸ்ரேயில் படமாகவே பார்க்கும் சோதனையும் உண்டு. உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், "விழுங்குவதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். கேட்டால்தான் நடக்கும். ஒருவருக்கு ஏற்ற கெட்டி இன்னொருவருக்கு ஏற்காது. ஆகவே நான் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், என் அத்தைக்குச் சொன்னது இது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உட்காருவது. படுக்கையில் சாய்ந்து சாப்பிடுவது அன்றோடு நின்றது. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார வைத்து, விழுந்த பக்கம் ஒரு தலையணையை அண்டக் கொடுத்து, கால் இரண்டும் தரையில் பதிய வைக்கிறேன். ஊட்டுகிறவள் நிற்கக்கூடாது. நாம் நின்றால் அவர்கள் முகத்தை நிமிர்த்துவார்கள், நிமிர்ந்தால் மூச்சு வழி திறந்துகொள்ளும். அவர்கள் கண்ணுக்கு நேராக, இல்லையென்றால் கொஞ்சம் தாழ்வாக, முக்காலி போட்டு உட்காரவேண்டும். சின்ன ஸ்பூன். நல்ல பக்கத்துக் கன்னத்தில் வைப்பது. விழுங்கியாயிற்றா என்று தொண்டை எழும்பி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. டி.வி. கிடையாது. ஊட்டும்போது அவரோடு ஊர்க்கதையும் கிடையாது. அத்தைக்கு இதுதான் பெரிய தண்டனை! சாப்பிட்டு முடித்ததும் அரை மணியாவது உட்கார்ந்தே இருக்கவேண்டும். உடனே படுத்தால் வயிற்றில் இருப்பது மேலே வரும்.

அடுத்தது கெட்டி. இதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவாக ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று பெயர். தண்ணீர் 0, நாம் சாதாரணமாகச் சாப்பிடுகிற சாப்பாடு 7, ஆக மொத்தம் எட்டுப் படிகள். சோதித்துப் பார்க்க மெஷின் வேண்டாம், ஸ்பூனும் முள்கரண்டியும் போதும். மசித்த ஆகாரத்தை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒரே உருண்டையாக 'பொத்'தென்று விழவேண்டும். வழிந்து ஓடினால் நீர்ப்பு ஜாஸ்தி. ஸ்பூனிலேயே ஒட்டிக்கொண்டால் பசை ஜாஸ்தி, அது தொண்டையிலும் ஒட்டும். துணுக்குகள் இருக்கிற ஆகாரமானால் ஒவ்வொரு துணுக்கும் முள்கரண்டியின் இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்குள், அதாவது 4 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். என் வீட்டில் முள்கரண்டி கிடையாது. பேத்தியின் பள்ளிக்கூட ஸ்கேலில் 4 மில்லிமீட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

பசை என்றதும் ஞாபகம் வருகிறது. கேழ்வரகுக் களி கெட்டிதானே என்று கிண்டிவிடாதீர்கள். அது ஒட்டும். ஜப்பானில் புது வருஷத்துக்கு இடித்த அரிசியில் 'மோச்சி' என்று ஒரு பண்டம் செய்கிறார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அது தொண்டையில் சிக்கி வயதானவர்கள் சிலர் இறந்துபோகிறார்கள், அரசாங்கமே எச்சரிக்கை செய்கிறது. உதிர்கிற பண்டமும் ஆகாது. எங்கள் ஊரில் உடம்பு தேறுவதற்கென்றே செய்கிற சுறாப்புட்டு முள் இல்லாதது, சத்துள்ளது. ஆனால் உதிர் உதிராக வாயெல்லாம் பரவி, ஒரு துகள் மூச்சு வழியில் போனாலும் போதும். நுங்கு வழுக்கிக்கொண்டு போகும். இறால் ரப்பர் மாதிரி. முறுக்கு, பொரி, வேர்க்கடலை பற்றிச் சொல்லவே வேண்டாம். இளம் தாய்மார்கள் கவனிக்க: இதே பட்டியல்தான் உங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைக்கும்.

தண்ணீர்ச் சட்டம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. குடிக்கிற தண்ணீர், மோர், காபி எல்லாவற்றையும் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கென்று மருந்துக் கடையில் பவுடர் கிடைக்கிறது, ஆனால் விலை நமக்குக் கட்டாது. கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் கலக்கலாம் என்றார் அந்தப் பெண். கூடவே ஒரு சூட்சுமமும் சொன்னார். வாயில் வைத்த ஸ்பூனைத் திரும்பக் கிண்ணத்தில் போடக்கூடாதாம். எச்சில் பட்டால் மாவுக் கஞ்சி நீர்த்துவிடும். "எச்சில் கஞ்சி நீர் விடும்" என்று என் ஆயா சொன்னதை நான் ஆசாரம் என்று நினைத்திருந்தேன், பாருங்களேன்! இப்போது கிண்ணத்திலிருந்து எடுக்க ஒரு ஸ்பூன், ஊட்ட ஒரு ஸ்பூன்.

கெட்டித் தண்ணீரை யாருக்குப் பிடிக்கும்? பிடிக்காததால் குறைவாகக் குடிப்பார்கள், நாக்கு வறளும், சிறுநீர் மஞ்சளாகப் போகும். வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாப் பானமும் சேர்த்து 1.6 லிட்டராவது வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்த அளவு. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. நான் ஒரு சொம்பில் அளந்து வைத்து, மணிக்கு நாலு ஸ்பூன், ஐந்து ஸ்பூன் என்று நாள் பூராவும் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துவிட்டு, தண்ணீரை மட்டும் பழையபடி, தலையைக் குனிந்து சின்ன மடக்காகக் குடிக்கலாம் என்று சொன்ன அன்று அத்தை ஒரு டம்ளர் தண்ணீரை அரை மணி நேரம் ருசித்துக் குடித்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இனி எங்கள் வீட்டுப் பெரிய சண்டைக்கு வருகிறேன். மீன்.

மசித்த ஆகாரம் என்றதும் நான் பருப்பு சாதத்தையும் உருளைக்கிழங்கையும் மிக்ஸியில் அடித்து, ஒரு மாதிரிச் சாம்பல் நிறத்தில் கொண்டுபோய் வைத்தேன். அத்தை ஒரு வாய் வாங்கித் துப்பினார். "இன்னாடி இது? நாய்க்கு வெச்சா துண்ணுமா? மீன் இல்லாம நான் என்னிக்குடி சோறு துண்ணேன்?" என்றார். நாக்கு குழறினாலும் அர்த்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. என் கணவர், "கேட்கிறதைக் குடுத்துடு, இருக்கிறவரைக்கும் துண்ணுட்டுப் போகட்டும்" என்றார். நாத்தனார் போனில், "முள் மாட்டினா உன்னைத்தான் கேப்பேன்" என்றார். கடைசியில் பழி ஊட்டுகிறவள் தலையில்தானே!

ஸ்பீச் தெரபிஸ்டுக்கு போன் செய்தேன். "மீன் வேண்டாமென்று யார் சொன்னது? முள்ளும் நீர்க் குழம்பும்தான் வேண்டாம்" என்றார். அன்றைக்கே என் கணவர் ஒரு கொடுவா கொண்டுவந்தார். கொடுவாவில் முள் பெரியது, சதை இதழ் இதழாக வரும். நடுத்துண்டை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் விரலால் இரண்டு தடவை தடவித் தடவி முள் பார்த்தேன். கண்ணை நம்பக்கூடாது, விரலைத்தான் நம்பவேண்டும். புளி, மிளகாய், தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பைத் தனியே கொதிக்கவிட்டு, வடிகட்டி, சுண்டவைத்துக் கெட்டியாக்கினேன். பச்சரிசியைக் குழைய வடித்து மசித்து, குழம்பில் பிசைந்து, மேலே மீனை மசித்து வைத்தேன். சோறு வெள்ளையாக, மீன் மீனாக, குழம்பு சிவப்பாகத் தனித்தனியே தெரியும்படி. பார்த்ததும் அவர் முகம் மாறியது. இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று, ஒரு தடவைகூட இருமவில்லை. முடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்றார்.

கொடுவா விலை போகிற நாளில் கிழங்கான். அதன் சதை மெத்தென்று இருக்கும், முள் பார்ப்பதில் மட்டும் பொறுமை வேண்டும். மடவை ருசி, ஆனால் பொடி முள்ளுக்காக ஒதுக்கிவிட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடல் மீன் அருமையாகிவிடும், ஏரி மீனும் விலை ஏறிவிடும். அப்போது முட்டைதான் கைகொடுக்கும். ஒரு முட்டையை ஒரு டம்ளர் பாலில் அடித்து, கொஞ்சம் வெல்லம் கரைத்து வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி இட்லிப் பானையில் வேகவைத்தால் வழவழவென்று இறங்கும். கருவாட்டுக்கு அத்தை கெஞ்சுவார். சதை நார், உப்பு வேறு, அவருக்கோ ரத்த அழுத்தம். வாரத்தில் ஒரு நாள் கருவாட்டுக் குழம்பின் கெட்டியை மட்டும் அரை ஸ்பூன் சோற்றில் தடவிக் கொடுப்பேன். வாசனையிலேயே பாதிப் பசி ஆறிவிடும்.

சத்துக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 1 கிராமாவது புரதம் வேண்டும். 41 கிலோவுக்கு 41 கிராம். ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் 2 கிராம்கூடத் தேறாது. முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, நூறு கிராம் மீனில் 18 முதல் 20. ஆக, இரண்டு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு துண்டு மீன், ஒரு கரண்டி பருப்பு என்று கூட்டினால் சரியாக வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கொஞ்சத்திலேயே ஒரு ஸ்பூன் நெய்யோ தேங்காய்ப் பாலோ சேர்க்கவேண்டும். எட்டு மாதத்தில் அத்தை 46 கிலோவுக்கு வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கை கால் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண்தான் மாதாமாதம் நிறுத்துக் குறித்தார்.

வாயைச் சுத்தம் செய்வதை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எச்சில்கூட மூச்சுக் குழாயில் போகும். அழுக்கு வாயின் எச்சில் போனால் கிருமியும் சேர்ந்து போகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 417 பேரை இரண்டு வருஷம் கவனித்து 2002-ல் எழுதினார்கள். பணியாளர் தினம் பல் துலக்கிவிட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நிமோனியா. அப்படிச் செய்யாதவர்களில் 19 பேருக்கு. ஒரு பிரஷ் செய்கிற வேலை! பல் இல்லாவிட்டாலும் ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைக்கவேண்டும். விழுந்த பக்கக் கன்னத்தில் விரலை விட்டுப் பார்த்தால் காலையில் சாப்பிட்ட இட்லி மத்தியானம் அகப்படும்.

என் பெரியம்மா கதை இப்படி முடியவில்லை. அவருக்கு மறதி நோய். பிள்ளைகள் இருவரும் வெளியூர். சென்னைக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். பெயர் வேண்டாம். பொங்கலுக்கு மறுநாள் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஊட்டிவிட வேண்டியவர்கள் பன்னிரண்டு பேர், ஆயா ஒருத்தி. எல்லோரும் படுக்கையில். சாம்பார், பொரியல், சோறு எல்லாம் சேர்த்து அடித்த ஒரே கூழ். ஆளுக்கு ஐந்து நிமிஷம். பெரியம்மா வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் அடுத்த ஸ்பூன். அந்த ஆயாவைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனால் மாதாமாதம் பணம் வாங்குகிறவர்களிடம் கேட்கவேண்டாமா? கேட்டேன். "வயசானா அப்படித்தான்மா, தானா சாப்பாடு குறைஞ்சிடும்" என்றார்கள்.

வயசானால் அப்படித்தான் என்று சொல்லிவிடாமல் யோசித்தவர்களும் நம் ஊரில் இருந்திருக்கிறார்கள். டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு ஆரம்பித்தது 1978-ல். அதே வருஷம் சாவித்திரி வைத்தி அம்மையார் ஆதரவற்ற வயதான பெண்களுக்காக 'விச்ராந்தி'யைத் தொடங்கினார். ஹெல்ப்பேஜ் இந்தியாவும் 1978-ல் பிறந்ததுதான். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த அமைப்பு கடலூர்ப் பக்கம் தாமரைக்குளத்தில் முதியோருக்கென்றே ஒரு கிராமம் அமைத்தது. சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான தேசிய மருத்துவமனை திறந்தார்கள்.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அவரவர் நிலைமை அவரவருக்கு. ஆனால் சேர்க்கப் போகும்போது கட்டிலையும் மின்விசிறியையும் பார்ப்பதைவிட மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போய் ஊட்டுவதைப் பாருங்கள். ஓர் ஆள் எத்தனை பேருக்கு ஊட்டுகிறாள்? உட்கார வைக்கிறார்களா? மாதம் ஒரு தடவை எடை குறிக்கிறார்களா, அந்த நோட்டைக் காட்டுவார்களா? பல் துலக்கிவிடுவது யார் பொறுப்பு? யாருக்காவது மூச்சடைத்தால் என்ன செய்வார்கள்? கவனிப்பு மோசமாக இருந்தால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

மூச்சடைப்பு என்றேனே, அதை நாமும் தெரிந்துகொள்ளவேண்டும். இருமல் சத்தமே வராமல், பேச முடியாமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டால் தண்ணீர் கொடுக்கக்கூடாது. முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அடி பலமாக. போகவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108-க்கு யாரையாவது கூப்பிடச் சொல்லவேண்டும். கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தக்கூடாது, அதற்கு முறை வேறு.

பெரியம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்ததும் மூக்கில் குழாய் போட்டார்கள். இரண்டு தடவை பிடுங்கிப் போட்டார். கையைக் கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் எனக்கு போன் செய்து அழுதார். பக்கவாதம் போல் தேறக்கூடிய வியாதியில் கொஞ்ச நாளைக்குக் குழாய் உயிர் காக்கும், அதை மறுக்கக்கூடாது. மறதி நோய் முற்றியவர்களுக்கோ குழாயால் ஆயுளும் கூடுவதில்லை, நிமோனியாவும் குறைவதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் சங்கம் 2014-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாக்டரைக் கலந்துகொண்டுதான் அண்ணன் முடிவெடுத்தார். கட்டை அவிழ்த்து வீட்டுக்குக் கூட்டிவந்து, அண்ணியும் ஒரு பெண்ணும் முறைபோட்டு ஊட்டினார்கள். சில நாள் பத்து ஸ்பூன், சில நாள் இரண்டு. ஐந்து மாதம் இருந்தார். நான் கடைசியாகப் போனபோது மசித்த கிழங்கானை என் கையால் ஆறு ஸ்பூன் வாங்கிக்கொண்டார். என்னை யாரென்று தெரியவில்லை. மீன் தெரிந்தது.

மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். தண்ணீரோடு கொடுத்தால் மாத்திரை நிற்கும், தண்ணீர் மட்டும் ஓடிப்போய்ப் புரை ஏறும். அத்தைக்கு நான் மசித்த வாழைப்பழத்திலோ கெட்டித் தயிரிலோ பொதிந்து கொடுக்கிறேன். எல்லா மாத்திரையையும் இடித்துப் பொடியாக்கிவிடக்கூடாது. மேல்பூச்சு உள்ளவை, நாள் பூராவும் மெதுவாக வேலை செய்வதற்கென்று செய்தவை இவற்றை இடித்தால் மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும், அல்லது வயிற்றைப் புண்ணாக்கிவிடும். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், எதை இடிக்கலாம், எதற்குப் பதிலாகச் சொட்டு மருந்தோ திரவமோ கிடைக்கும் என்று டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ கேட்டு, அட்டையின் பின்னாலேயே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.